மாப்பிள்ளைக்கு வரவேண்டிய செய்திகள்

தலைப்பிரசவத்துக்குக் குற்றாலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கணவருக்கு வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை. குழந்தை பிறந்ததும் லீவு தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் நாளை ஓட்டினோம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு புதுச் சங்கதி சொன்னார். தாய்க்கு வருவதுபோல இனிமேல் தகப்பனுக்கும் வாராவாரம் போனில் செய்தி வருமாம், குழந்தையோட அப்பா நம்பரைச் சொல்லுங்கள் என்றார். கணவரின் வெளிநாட்டு நம்பரைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. துணைக்கு வந்திருந்த என் அப்பா சட்டென்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு வரட்டும் சிஸ்டர். நான் மாப்பிள்ளைக்குச் சொல்லிருதேன்."

எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வருகிற எதுவும், கல்யாணப் பத்திரிகை உட்பட, இங்கே இருக்கிற ஆம்பளை கைக்குத்தான் வரும்.

அப்பா அருவிக்குப் போகிற பாதையில் பழக்கடை வைத்திருக்கிறார். நான் பிறந்த அன்று புளியறை செக்போஸ்ட்டில் பழ லாரியோடு நின்றுகொண்டிருந்தார் என்று அம்மா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, வாரம் தவறாமல் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று செய்தி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார்.

"இந்த வாரம் பிள்ளை மாம்பழம் அளவு இருக்குதாம். என்ன மாம்பழம்னு போடல பாரு. பங்கனப்பள்ளியா, செந்தூரமா? கூறுகெட்ட பயலுவ."

பிறகு வாட்ஸப்பில் மருமகனுக்குக் குரல் பதிவு. அதற்குள் அவர் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். "மாப்பிள்ளை, அது வந்து, வீட்டுக்காரிக்குக் கால் அமுக்கி விடணுமாம். நான் சொல்லல, மெசேஜ்ல போட்டிருக்கான்." கணவர் கேட்டுச் சிரித்துவிட்டு என்னை வீடியோவில் அழைப்பார். "காலை நீட்டு, அமுக்கி விடுதேன்." நானும் நீட்டுவேன். பைத்தியங்கள்தான் நாங்கள். ஆனால் அவர் தகப்பனாக இருந்ததெல்லாம் அந்த வாரங்களில்தான்.

சீசன் கூட்டம் நெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்தில் அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சீசனில் அவர் சாப்பிடக்கூட வரமாட்டார். அடுப்படி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி, பிள்ளை அசையுதா? அசைவு குறைஞ்சா உடனே கூட்டிட்டுப் போகணும்னு போட்டிருக்கான்."

என் வயிற்றைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. காலையிலிருந்து எனக்கே சந்தேகமாக இருந்தது. "மாசம் ஏறிட்டா எடம் பத்தாது, அப்படித்தான் கெடக்கும்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"தெரியலப்பா" என்றேன்.

ஆட்டோ நகரவில்லை. எண்ணெய் தேய்த்த உடம்போடு ரோட்டை அடைத்துக்கொண்டு ஜனங்கள் சிரித்தபடி போனார்கள். அப்பா இறங்கி ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார். "வழி விடுங்கய்யா, பிள்ளத்தாச்சி, வழி விடுங்க." ஊருக்குச் சந்தோஷமான அந்தக் கூட்டத்தை அன்று நான் மனதாரச் சபித்தேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். துடிப்பு நின்று நேரமாகிவிட்டது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். அப்படியும் அவனைப் பெற்றுத்தான் ஆகவேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் படுகிற வலியில் ஒரு பொட்டு குறையவில்லை.

இறந்து பிறந்த பிள்ளையை எங்கள் ஆட்கள் தாயிடம் காட்டமாட்டார்கள். பார்த்தால் மனதிலேயே நின்றுவிடுமாம், அடுத்தது தங்காதாம். நிற்கட்டுமே. வேறெங்கே போய் நிற்பான் அவன்? நான் கத்தினேன். சொந்தக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதிரி விஷயங்களில் பெண்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத அப்பா, அம்மாவின் கையிலிருந்து துணிச்சுருளை வாங்கினார்.

"அவளும் பாக்கட்டும், மாப்பிள்ளையும் பாக்கட்டும். யாரும் பேசாதீங்க."

என் பக்கத்தில் கிடத்தி, வீடியோவில் கணவரை அழைத்தார். அவர் ஏதோ மொட்டைமாடியில் வேலை உடுப்போடு நின்றிருந்தார். காற்றுச் சத்தம் இரைந்தது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு, "மாமா, துணியைக் கொஞ்சம் விலக்குங்க, கையைப் பாக்கணும்" என்றார். அப்பா விலக்கிக் காட்டினார். அதன்பின் இரண்டு கையிலும் ஏந்தி அவரே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தை இருந்தால்தானே லீவு என்று மேலாளர் கேட்டானாம். அந்த ஆள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

செய்தி அனுப்புகிற கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. குறித்த தேதி வந்ததும், 'வாழ்த்துகள் அப்பா!' என்றது. அப்பா சுகாதார நிலையத்துக்குப் போய் நிறுத்தச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள், ஆனாலும் வந்தது. போன் மணியடித்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் கணவர் ஸ்பீக்கரில் அவரிடம் பேசும்போது கேட்டார்.

"மாமா, அந்த மெசேஜ் இன்னும் வருதா?"

"வருது மாப்பிள்ளை."

"இந்த வாரம் என்ன போட்டிருக்கான்?"

"அது எதுக்கு மாப்பிள்ளை இப்போ?"

"எனக்கு வரவேண்டியதுதானே மாமா. படிங்க."

அப்பா கண்ணாடியை மாட்டினார். குழந்தை உங்கள் குரலுக்குத் திரும்பும், நெஞ்சோடு அணைத்துப் பேசுங்கள் என்று இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மேல படிங்க மாமா."

'குழந்தையின் தாய் நன்றாகத் தூங்குகிறாரா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.'

அன்றுவரை என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், அழாதே என்றார்கள், அடுத்தது வரும் என்றார்கள்.

"போனை அவகிட்ட குடுங்க மாமா" என்றார் கணவர். வாங்கிக் காதில் வைத்தேன்.

"தூங்குதியா?"

"இல்ல."

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் பேசினேன்.

"பால் வத்தணும்னு மல்லிகைப்பூ வச்சுக் கட்டிவிடுதாங்க. இன்னும் நிக்கல."