இரண்டாவது சக்கரம்

எங்களுடையது பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் பட்டறை. பெரியநாயக்கன்பாளையத்தில், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவருக்குச் சோறு கொண்டுபோனவள், ஆள் வராத ஒரு நாளில் டிரில்லிங் மெஷினைப் பிடித்தேன். அப்புறம் விடவே இல்லை. அவர் லேத்தில், நான் டிரில்லிங்கில் என்று எங்கள் காலம் ஓடிவிட்டது. வயதானதும் ஆர்டர் எடுப்பதை நிறுத்தினோம். மெஷின்களை விற்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

சும்மா உட்காருகிற மனுஷனா அவர்? செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் நீராவி வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டார். டிராக்டர் வருவதற்கு முன்னால், கரியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் பலத்திலேயே பாரம் இழுத்த வண்டியாம். முன்பக்கம் ரயில் எஞ்சின் மாதிரி புகைபோக்கி, பின்பக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புச் சக்கரங்கள். அதைச் சின்னதாக, முழங்கால் உயரத்துக்குச் செய்யப் போகிறேன் என்றார்.

"ஏனுங்க, இத வெச்சு எந்தக் காட்ட உழுகப் போறீங்க?" என்றேன்.

"உன்ற ரோசாத் தொட்டிய உழுகலாம். வா அம்மணி, வந்து புடி" என்றார்.

முதலில் சக்கரம். சக்கரத்தில் நின்றால்தான் அது வண்டி, இல்லாவிட்டால் வெறும் அடுப்பு என்பது அவர் கட்சி. முன்சக்கரங்கள் சின்னவை, சீக்கிரம் முடிந்துவிட்டன. பின்சக்கரம் ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு. நடுவில் அச்சு நுழைகிற குடம், அதிலிருந்து தட்டையான ஆரக்கால்கள், சுற்றிலும் அகலமான இரும்பு வளையம். அந்த வளையத்தின் மேல், சேற்றில் வழுக்காமல் இருக்க, சாய்வாக இரும்புப் பட்டைகளை வைத்து ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். அது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருவர் பின்னால் முட்டுக் கொடுக்க, இன்னொருவர் அடிக்க வேண்டும். நான் முட்டு, அவர் சுத்தியல். நாங்கள் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கவில்லை என்று அதன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் பட்டறைக்கு ஒரே சட்டம்தான். முதல் பீஸ் சாம்பிள். அதை அவர் செய்து மேஜையில் வைத்துவிடுவார். அடுத்து வருவதெல்லாம் அதற்கு அச்சு அசலாக இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பழைய இரும்போடு சேர்த்து எறிந்துவிடுவார். நான் துளை போட்டதையும் என் கண்ணெதிரிலேயே எறிந்திருக்கிறார். "பொண்டாட்டி செஞ்சதுன்னு தெரிஞ்சா பம்பு தண்ணிய சேத்தி ஊத்துமா?" என்பார். அன்றைக்குக் குழம்பில் உப்பைக் கூட்டிப் பழி தீர்த்துக்கொள்வேன்.

ஒரு சக்கரம் முழுதாக முடிந்தது. அடுத்ததில் பட்டை அடிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஊட்டினால் இரண்டு வாய், அதற்கு மேல் உதட்டைத் திறக்கமாட்டார். மனசு வைத்தால்தான் எழுந்து உட்காருவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சக்கரத்தை முடித்துக் காட்டினால் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படித்தான் நம்பினேன், கோயிலுக்கு நேர்ந்துகொள்வதைப் போல.

மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்து அப்பாவோடு உட்கார்ந்துகொள்வாள். நான் பட்டறைக்குப் போய்விடுவேன். முட்டுக் கொடுக்க ஆள் இல்லாததால் முட்டுக் கம்பியை வைஸில் இறுக்கிக்கொண்டு நானே அடித்தேன். முதல் சக்கரத்தை எதிரில் வைத்து, அதன் பட்டை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே அளந்து, அப்படியே கோடு போட்டு, அப்படியே அடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

"எதுக்குங்கம்மா உங்களுக்கு இந்த வேல?" என்று மகள் கோபித்துக்கொண்டாள்.

"உங்கப்பனத்தான் கேக்கோணும்" என்றேன்.

முடித்ததும் சக்கரத்தைத் துடைத்துக் கொண்டுபோய், அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து மடியில் வைத்தேன். அவர் இடக்கையால் அதை மெல்ல உருட்டினார். ஒரு சுற்று முழுவதும் பார்த்தார். பட்டையின் மேல் விரலை வைத்துச் சாய்வைத் தடவினார். பிறகு என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷத்தில் என் வேலையை அவர் ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டதே இல்லை. அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதும் குடித்தார். மறுநாள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்தார். அவரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மேஜை மேல், அவர் முன்பே செய்து முன்சக்கரங்களை மாட்டி வைத்த வண்டியின் இரும்புச் சட்டம் இருந்தது. ஒரு பக்கம் அவர் சக்கரத்தை மாட்டினேன், மறுபக்கம் என் சக்கரத்தை மாட்டினேன். தள்ளி நின்று பின்னாலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

டிராக்டர் டயரைப் பின்னாலிருந்து பார்த்திருப்பீர்கள். இடது டயரின் மேடும் வலது டயரின் மேடும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். இந்த வண்டிக்கும் அதே கணக்குதான். இரண்டாவது சக்கரம் முதல் சக்கரத்துக்குக் கண்ணாடியில் தெரிகிற பிம்பமாக இருக்க வேண்டும். நானோ சாம்பிளைப் பார்த்து அச்சு அசலாக அடித்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கழற்றித் திருப்பிப் போட்டாலும் அந்தச் சாய்வு மாறாது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமில்லீங்க? பின்ன எதுக்குங்க தலையாட்டுனீங்க?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரிவெட்டுகளைக் குடைந்து எடுக்க டிரில்லிங் மெஷினைப் போட்டேன். அவர் தொண்டையிலிருந்து சத்தம் எழுப்பினார். நாற்காலியிலிருந்து சரிகிற அளவுக்கு எட்டி, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசம் குடுங்க போதும். பிரிச்சு மறுக்கா அடிச்சுபோடறனுங்க" என்றேன்.

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். ஒரு மாதம் வேண்டாம் என்கிறார் என்று நினைத்து இன்னும் கத்தினேன். அவர் மறுபடியும் அதேபோல் தலையாட்டினார். தன்னிடம் ஒரு மாதம் இல்லை என்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் மெஷினை நிறுத்தினேன்.

வண்டியைத் தரையில் இறக்கி வைக்கச் சொல்லிக் கை காட்டினார். மகளைக் கூப்பிட்டு, இருவருமாக இறக்கி வைத்தோம். கொதிகலன் இல்லை, புகைபோக்கி இல்லை, நான்கு சக்கரங்களும் சட்டமும் மட்டும்தான். நான் குனிந்து தள்ளினேன். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் அவர் கால்வரைக்கும் போனது. பாதி முகத்தால் சிரித்தார். இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். அவர் கை ஓயும்வரை தள்ளினேன்.

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

"ஒரு சக்கரத்தப் பிரிச்சு மாத்தி அடிச்சறலாமுங்கம்மா, நான் முட்டுக் குடுக்கறேன்" என்கிறாள் மகள். செய்யத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் கை போகவில்லை. அன்றைக்கு அந்தச் சக்கரத்தை மடியிலிருந்து அவர் தரையில் தள்ளிவிட்டிருக்கலாம். என்னை முறைத்திருக்கலாம். மனுஷன் பழையபடி ஆகிவிட்டார் என்று வீடே அதிர நான் சண்டை போட்டிருப்பேன். அவரோ, கிளம்பப் போகிறவர்போல, சரி என்று தலையாட்டிவிட்டார், நான் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஆற்றினேன்.