அப்பாவின் கருவாட்டு வேட்டி

சாரல் விழத் தொடங்கிவிட்டது. துணி காயவைக்க மருமகள் மெஷினைப் போட்டிருக்கிறாள். அந்தச் சூட்டுத் துணி வாசத்தில் எனக்கு எங்கள் அம்மாவின் பஞ்சாரம் ஞாபகம் வந்தது.

கோழியை மூடக் கவிழ்க்கிற கூடைதான் பஞ்சாரம். சாரலில் தென்காசி முழுக்கக் காய்ந்த விறகுக்குத் தட்டுப்பாடு. எங்கள் அம்மாவா வீணாக்குவாள்? சோறு வடித்து மிஞ்சிய கங்கின் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, ஈரத் துணியை அதன்மேல் விரிப்பாள்.

அப்படி ஒரு சாரல் நாளில் அக்காவுக்கு மாப்பிள்ளை பேச அப்பா செங்கோட்டைக்குப் போகவேண்டும். இருந்த ஒரே நல்ல வேட்டியும் ஈரம். அம்மா அதைப் பஞ்சாரத்தில் போட்டாள். கங்கு சும்மா கிடக்கிறதே என்று உள்ளே கருவாட்டையும் சுட்டாள்.

"ஏட்டி, வேட்டி நாறுதே! சம்பந்தம் முறிஞ்சிரும்லா?"

"பஸ்சுல சன்னல் பக்கம் உக்காருங்க. காத்துல போயிரும்."

வாசம் போகவே இல்லை. அங்கே மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சியதும் அப்பாவுக்கு உயிரே போய்விட்டதாம்.

"இந்தச் சாரல்லயும் கருவாடு சுட்டுத் திங்கியளா அண்ணாச்சி? எங்க வீட்டுல காப்பி போடவே விறகு எரியமாட்டேங்கு. வசதியான குடும்பந்தான்!" என்று அப்போதே சம்மதம் சொல்லிவிட்டாள்.

வீடு திரும்பிய அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"ஏட்டி, நிச்சயதார்த்தத்துக்குச் சட்டையையும் கருவாட்டு மேலயே காயப்போடு."