படலையில் எரிந்த மூன்றாவது பல்ப்

குருநகர் ஸ்ரெல்லாவை வீட்டுமுன் ஒழுங்கைக்கு அப்பால் கண்டவர்கள் இப்போது குறைவு. கணவர் அடைக்கலநாதனின் நுரையீரல் பழுதாகி, ஒட்சிசன் மெசின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வீட்டோடுதான். குழாய் என்னவோ அவருடைய மூக்கில். கட்டு இவளுடைய காலில்.

கரண்ட் போனால் மெசினை ஓட்டுவது ஓர் இன்வேட்டர். அதைச் சுவரில் பூட்டித் தந்த வின்சன்ற் சொன்னதைச் செபம் போலப் பாடமாக்கி வைத்திருந்தாள்: "அக்கா, இது ஐந்நூறு வாற்ஸ்தான் தாங்கும். மெசின் முந்நூற்றைம்பது எடுக்கும். மிச்சத்துக்குள்ள என்னத்தையும் போடுங்கோ. மிஞ்சினா எல்லாம் சேர்ந்து நிண்டிடும்." அன்றிலிருந்து விருந்தினர் போனைச் சார்ஜில் போட்டாலும் அவளுடைய கண் பிளக்கிலேயே கிடக்கும். கசவாரம் பிடித்த கருமி என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

திருநாளன்று மாலை, மாதாவின் சுற்றுப்பிரகார ஊர்வலம் ஒழுங்கையால் வரும் நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. மாதா வரும்போது வாசல் இருட்டாகக் கிடப்பதா? ஸ்ரெல்லாவுக்கு மனம் கேட்கவில்லை. வாசல் படலையில் அறுபது வாற்ஸ் கலர் பல்ப் எட்டு, ஒரே வயரில் தொங்கின. விசிறியையும் அறை லைற்றையும் நிறுத்தினால் இரண்டு எரியலாம் என்று கணக்குப் பார்த்தாள். மற்ற ஆறையும் திருகித் தளர்த்திவிட்டு, வயரை இன்வேட்டரில் செருகினாள்.

இரண்டும் எரிந்தன. மெசினும் ஓடியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, படலை மட்டும் போய் மாதாவைப் பாத்திட்டு வரட்டே?"

அவர் தலையாட்டினார். அவள் சேலை மாற்றப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை நிரோஜினி படலைக்கு வந்தாள். நல்ல மனசுக்காரி, சும்மா நிற்கத் தெரியாதவள்.

"மச்சாள், உங்கடை பல்ப் எல்லாம் லூசாக் கிடக்கு. இறுக்கி விடுறன்!"

"ஐயோ, தொடாதை!" என்று ஸ்ரெல்லா கத்துவதற்குள் ஒன்றை இறுக்கிவிட்டாள். ஒரே ஒன்று. இன்வேட்டர் கீச்சிட்டு நின்றது. மெசினும் நின்றது.

ஸ்ரெல்லா அரைகுறைச் சேலையோடு ஓடிவந்து பல்ப் வயரைப் பிடுங்கி, இன்வேட்டரை மறுபடி போட்டாள். மெசின் இரையத் தொடங்கியது. முழி பிதுங்கிக் கிடந்த அடைக்கலநாதனுக்கு மெல்ல மூச்சு வந்தது. ஆனால் அவள் கையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. பயந்துபோன குழந்தையிடமிருந்து கையை உருவ எவளால் முடியும்?

வெளியே பாட்டும் செபமும் படலையடிக்கு வந்தன, தாண்டின, போயின. ஸ்ரெல்லா இருட்டில் இருந்தபடி அழுதாள். நிரோஜினி மேல் கோபம், அவர் மேல் கோபம், நிற்காமல் போன மாதா மேலும் கோபம்.

காலையில் முன்வீட்டு ஜெனிஸ் மீன் கொண்டுவந்தாள்.

"அக்கா, நேற்று வீடு இருட்டாக் கிடந்தது. நீங்களும் மாதாவோடை சுத்தப் போயிட்டியள் எண்டு நினைச்சன்."

"ஓம்," என்றாள் ஸ்ரெல்லா. "கோயில் வரைக்கும் போயிட்டு வந்தனான்."

மீனை வாங்கிக்கொண்டு, மெசின் சத்தத்துக்குள் திரும்பிப் போனாள்.