கடைசிக் கேள்வி புஷ்ராவுக்கு

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. வாசலில் பாதி கண்ணாடி, மீதி விளம்பரம். நிறுவன வியூகமும் பன்னாட்டு மேலாண்மையும் ஆராய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களில் மயிலாப்பூர் புஷ்ராவுக்கு மட்டும் ஒரு தனி வேலை உண்டு. யாருக்கு வாய்மொழித் தேர்வு நடந்தாலும் பின்வரிசையிலிருந்து எழுந்து கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

முனைவர் பட்டத்துக்கான இந்தத் தேர்வு ஊரறிய நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. விதியை மதிப்பதில் நெறியாளர் ஸ்ரீவத்சனை மிஞ்ச ஆளில்லை. முந்தின நாளே கேள்விகளை எழுதி மாணவர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார். பதில்கள் அதற்கும் முன்பே உரியவர் கைக்குப் போயிருக்கும். புஷ்ராவின் பங்கு எப்போதும் ஒன்றுதான்: இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்? பதில் வந்ததும் "திருப்தி சார், நன்றி" என்று உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் வெளியூர்த் தேர்வாளர் கையெழுத்துப் போடுவார், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். இப்படி அவள் எத்தனையோ பேரை டாக்டராக்கி அனுப்பியிருக்கிறாள். அவர்களால் சமூகத்துக்கு விளைந்த பயன் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

அவளுடைய ஆய்வு வேறு மாதிரி. வெளிநாட்டுத் தலைமையகங்கள் போடும் திட்டங்களுக்குச் சென்னைக் கிளைகள் தலையை ஆட்டிவிட்டு, பிறகு ஏன் தம் போக்கில் போகின்றன என்று தேடினாள். மேலாளர்கள் லேசில் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மேலாளர் அலுவலகத்தில் காபி கொடுத்துச் சிரித்தே அனுப்பிவிட்டார். பிறகொரு நாள் மகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு, தெப்பக்குளத்தை ஒட்டி நிறுத்திய காருக்குள் மனதிலிருந்ததையெல்லாம் கொட்டினார். அந்தப் பேச்சுதான் அவளுடைய ஆய்வுக்கு உயிர். எழுதி வைத்த பேட்டிகளையெல்லாம் அவளுக்கும் நெறியாளரான ஸ்ரீவத்சன் சரிபார்க்கக் கேட்டார், கொடுத்தாள்.

அன்று தேர்வு செந்தில்குமாருக்கு. பெரிய கம்பெனியில் துணைத் தலைவர், பகுதிநேர ஆய்வாளர். பெயருக்கு முன்னால் டாக்டர் வேண்டும், அதைத் தாண்டி அவருக்கு ஆராய்ச்சியில் எந்த நாட்டமும் கிடையாது. அவர் கம்பெனிக்கு ஸ்ரீவத்சன்தான் ஆலோசகர். திரையில் ஒரு மேற்கோள் வந்தது. காருக்குள் கேட்ட அதே வார்த்தைகள்.

புஷ்ராவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இது இவர் பெயரில் ஏறிவிட்டால் நாளை தன் ஆய்வைக் கொடுக்கும்போது திருடி என்று தன்னைத்தான் சொல்வார்கள். தனக்குக் கொடுத்த கேள்விச் சீட்டைக் கசக்கி எழுந்தாள்.

"சார், இந்த மேலாளர்கிட்ட பேசின அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க."

இதற்குப் பதில் எழுதிக் கொடுக்கப்படவில்லை. ஆனால் தெரியாததை அடித்துச் சொல்லித்தானே அவர் துணைத் தலைவரானார்.

"வெரி சீனியர் ஜென்டில்மேன். அவர் கேபின்லயே உக்காந்து மனசு விட்டுப் பேசினார். கோல்ஃப் பத்திக்கூடப் பேசினோம்."

"அவங்க ஒரு பெண் சார். கேபின்ல அவங்க வாயே திறக்கல. பேசினது என்கிட்ட. ரெக்கார்டிங் என் ஃபோன்ல இருக்கு."

ஸ்ரீவத்சன் நல்ல கேள்வி என்று பாராட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு விவாதிக்கலாம் என்றார். பிறகு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "உக்காரும்மா. உன் தீசிஸ் என் கையிலதான் இருக்கு."

"பதில் வந்தா திருப்தின்னு சொல்லிட்டு உக்காருவேன் சார். எப்பவும் அப்படித்தானே."

அவள் நின்றாள். பக்கத்து அறையில் இலை போட்டுக் கூட்டு வைத்துவிட்டார்கள். சாப்பிட யாரும் எழவில்லை. ஆய்வேட்டைப் புரட்டியும் பார்க்காமல் வந்த தேர்வாளர், கையெழுத்து தன்னுடையது என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டார் போலும். நேர்மை ஒன்றுமில்லை, பயம். பேனாவை மூடினார். ஸ்ரீவத்சன் தோளில் போர்த்தியிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து அவர் பக்கமே தள்ளினார்.

"அந்த ரெக்கார்டிங்கை இங்க வந்து போடும்மா, கேக்கலாம்," என்றார்.

புஷ்ரா முன்வரிசைக்கு நடந்தாள். "அதுல நான் கேள்வி கேக்கற என் குரலை மட்டும் போடறேன் சார்," என்றாள். "அவங்க குரல் அவங்களோடது. அதை எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."