தயாளன் வளர்த்த இறால்கள்

தயாளன் போய்விட்டான் என்று அவன் மனைவி லோகா போனில் சொன்னபோது என் தோளில் ஒரு முகூர்த்தப் புடவை கிடந்தது. எதிரே பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு முந்தானையை விரித்துக் காட்டினேன். பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கிடங்குக்குள் போய் அழுதேன். எங்கள் பட்டுக் கடையில் அவனோடு புடவை விரித்தவர்களுக்கு இது புரியும். விரித்த புடவையைப் பாதியில் விட்டு எழுந்திருந்தால் முதலில் திட்டுகிறவன் அவன்தான்.

சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு அவன் கடைக்கு வருவது நின்றது. ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தான். குடிக்கிற தண்ணீரைக்கூட லோகா டம்ளரில் அளந்துதான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவன் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பியிருந்தான்.

“இன்னாடா இது கூத்து?” என்றேன்.

“குடிக்கத்தான் வுட மாட்டேன்றாங்க. கண்ணால பாத்துக்கினாவது இருக்கறேண்ணா.”

மீன் வளர்ப்பான் என்று நினைத்தேன். இல்லையாம், இறாலாம். குழம்புக்கு ஆகிற இறால் இல்லை; நகத்தளவுகூட இல்லாத சிவப்பு நன்னீர் இறால். மணல் போட்டான், பாசி வைத்தான், காற்று விடும் பஞ்சு ஒன்றை மூலையில் பொருத்தினான். போர் தண்ணீர் உப்பு என்று கேன் தண்ணீரைக் கலந்தான். அதோடு சரி. ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தொட்டியில் ஓர் உயிர் கிடையாது. பாசிக்குப் பேர் வைத்துவிட்டாயா என்று போகும்போதெல்லாம் கேலி செய்தேன்.

“தண்ணி பழகணும்ணா. புதுத் தண்ணில வுட்டா செத்துடும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அதுல ஊறணும். அதுங்கதான் அழுக்கத் தின்னும்” என்றான்.

உனக்கு ஏதடா அவ்வளவு நாள் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் காத்திருந்தான்.

ஒருநாள் வாலாஜாபாத்தில் இறால் வளர்த்து விற்கும் பாபு ஒரு பையில் கொண்டுவந்தான். அப்போதும் உடனே விடவில்லை. பையிலிருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பிரிக்காத டிரிப்ஸ் குழாய் ஒன்றைப் பிரித்து, தொட்டித் தண்ணீரை அதற்குள் சொட்டுச் சொட்டாக இறக்கினான். “நமக்கு ஏத்தறாங்களே, அதே வைத்தியந்தான்” என்று சிரித்தான். கொஞ்ச வாரத்தில் ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் கசகசா மாதிரி மஞ்சள் முட்டைகள் தெரிந்தன. என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

“குட்டிங்கள பாத்துட்டுப் போய்டறேண்ணா.”

அவன் அதற்கு முன் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கும் அந்த முட்டைகள் பொரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

லோகா அந்த வாரம் திருப்புட்குழிப் பெருமாளை வேண்டிக்கொண்டு வந்து, துளசித் தீர்த்தத்தை வீட்டிலிருந்த செப்புச் சொம்பில் ஊற்றிப் பூஜை மாடத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் அவன் தலையில் கொஞ்சம் தெளித்தாள். அவன் ஆசையாகப் பார்க்கிற ஜீவன்களும் நன்றாக இருக்கட்டும் என்று மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். மறுநாள் நான் போனபோது எல்லா இறால்களும் மணலில் வெளுத்துக் கிடந்தன. முட்டைக்காரியும்தான்.

லோகா அடுப்படிக்குப் போனதும் தயாளன் தாழ்ந்த குரலில் சொன்னான். “செம்பு எறாலுக்கு வெசம்ணா. சொம்புலேர்ந்து தீர்த்தத்துல எறங்கியிருக்கு. இவளுக்குத் தெரிய வேணாம். வெயிலுன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்த, அப்புறம் பேச மாட்டேன்.” அவள் திரும்பி வந்ததும் கோடையைத் திட்ட ஆரம்பித்தான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது லோகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“எனக்கு எப்பவோ தெரியும்ணா. பாபுவுக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். சொம்புத் தண்ணியாலதான்னு சொன்னான். இவரு வெயிலு வெயிலுன்னு சொல்லச் சொல்ல, நானும் தலையாட்டிக்கினு இருந்தேன்.”

ஆஸ்பத்திரியில் இனி முடியாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசி நாள் காலையில், வாயில் தீர்த்தம் விடச் சொல்லி உறவுக்காரர்கள் அந்தச் சொம்பைத்தான் அவள் கையில் கொடுத்தார்கள்.

“கை வரலண்ணா. என் கையால அத்தினி உயிரு போச்சு, இவரையும் நானே அனுப்பணுமான்னு நின்னுட்டேன். என்னையே பாத்தாரு. ‘அதுங்க வெயில்லதான் செத்துச்சு, ஊத்துமா’ன்னாரு. ஊத்தினேன். ரெண்டு மொடக்கு முழுங்கினாரு. அப்புறம் பேசல.”

தனக்கு விஷயம் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று அவள் கேட்டாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க, அவரோட இருந்தவங்க படிக்கட்டும்” என்றாள்.

அவன் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. நாக்கு வறண்டு செத்துக்கொண்டிருந்தவன், பெண்டாட்டியின் கை தயங்கக் கூடாது என்று கடைசி மூச்சைச் செலவழித்துச் சொன்னானே ஒரு பொய், அதை வைத்துக்கொள்கிறேன்.