முக்கூட்டு ரோட்டில் நின்றுபோன தாய்மாமன்

வீரையன் வீட்டு ஆண்களுக்குச் சத்தம் போடாமல் ஒரு இடத்துக்குப் போகத் தெரியாது. வீரையனின் அப்பா பெண் பார்க்கப் போன இடத்தில் அதிர்வேட்டு போட்டு, பெண் வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பசுவைப் பிடித்து வந்தவனுக்கே பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு அவள் தங்கைதான் கிடைத்தாள். வீரையன் தன் காலத்தில் புல்லட்டின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினார். வயலில் கோரை இடுப்பு உயரம் நின்றது, வண்டி மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. அவருக்குப் பிறந்தவன்தான் ராம்கி.

ராம்கி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினான். ஊரில் கேட்டால் ‘மெரைன்’ என்பான். உழைத்த உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, திரும்பி வந்த பிறகு அடித்த கூத்துதான் சொல்லும்படி இல்லை. பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி கழித்துவிட்ட காரை வாங்கி, கதவில் பாய்கிற புலி ஒட்டினான். அங்கே சைக்கிள்கூட ஓட்டாதவன், இங்கே வந்து செல்போனைப் பார்த்து ஒரு வித்தை பழகினான். கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிப்பான். வண்டி ஒரு அடி நகராது. டயர் மட்டும் நின்ற இடத்தில் சுற்றி, கழுத்தறுபட்ட பன்றி மாதிரி வீரிடும், புகை வரும். போகிறதற்கு வாங்கிய வண்டியைப் போகாமல் நிறுத்திக் கத்தவைப்பதில் என்ன பெருமையோ, அது அவனுக்குத்தான் வெளிச்சம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு தரம், ஆற்றுப் பாலத்தில் ஒரு தரம், கோயில் வாசலில் ஒரு தரம். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் போனதை மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டான்.

இவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி, வானதி. வடசேரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகள் பூர்ணிமாவுக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு தரம் தேதி தள்ளிப்போனது. வளைகாப்புக்கும் இவன் வரவில்லை. “அண்ணன் இருக்கான்னு சொல்லித்தானே பொண்ணு குடுத்தாங்க, எங்க இருக்கான்னு சொல்லலியே” என்று மாமியார் ரெங்கம்மாள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தரம் அண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அந்த வாய் அடைபடும். வானதிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மாசி மாத வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் குத்தியாக வேண்டும். சீர்த்தட்டுகள் எல்லாம் இராஜாங்கத்தின் குட்டியானை லோடு வண்டியில் வந்தன. இராஜாங்கம் சித்தப்பா மகன், வானதிக்குத் தம்பி முறை. ராம்கி அவனை வாடகை வண்டிக்காரனாகத்தான் நடத்தினான். காலையில் டீக்கடையில் நிறுத்தியபோது தனக்கு மட்டும் டீ சொன்னான்.

மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் முக்கூட்டு ரோடு. அங்கே இறங்கி, தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொள்ள, மேளத்தோடு நடந்து போவதுதான் முறை. மேளக்காரர்களும் தயாராக நின்றார்கள். ரோட்டில் பாதிக்கு அறுவடை நெல் காய்ந்தது. அந்தப் பக்கத்தில் ரோடுதான் களம். கார்க்காரர்கள் ஒதுங்கித்தான் போவார்கள். ராம்கிக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் கால் அரித்தது. தங்கை புருசன் வீட்டார் தெருமுனையில் ஆரத்தியோடு நிற்கிறார்கள். இப்போது காட்டாமல் எப்போது காட்டுவது? கைப்பிரேக்கை இழுத்தான். மிதித்தான்.

டயர் வீரிட்டது. புகை எழுந்து நாதஸ்வரக்காரர் இருமினார். இந்தத் தரம் வண்டி நின்ற இடத்தில் நிற்கவில்லை, வழுக்கி நெல்லில் ஏறி, இரண்டு மூட்டை நெல்லை வாய்க்காலுக்கு வாரி அடித்தது. நெல்லுக்குக் காவலிருந்த கிழவி குச்சியை ஊன்றி எழுந்தாள்.

“மாடு மேஞ்சாலும் நாலு வாய் தின்னுட்டுப் போவும். நீ என்னடா, திங்கவும் இல்லாம கொட்டிட்டுப் போற.”

அவளுக்கு அவன் பதில் சொல்வதற்குள் புளியமரத்தடியில் நின்ற போலீஸ் ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி இறங்கி வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, டயரைப் பார்த்தாள், நெல்லைப் பார்த்தாள்.

“லைசென்ஸ் எடுங்க சார்.”

ராம்கி அவளை உற்றுப் பார்த்தான். “நீ அரசப்பன் மகதானே?”

“ஆமா. நீங்க வீரையன் மகன். எங்கப்பா உங்க வயல்ல நாத்து பறிச்சிருக்காரு, கூலிக்கு நாலு நாள் அலைஞ்சிருக்காரு. அதெல்லாம் ஞாபகம் இருக்கு. லைசென்ஸ் எடுங்க.”

“நான் யாருன்னு தெரிஞ்சுமா கேக்குற?”

“கேக்குறீங்கன்னு சொல்லுங்க சார்.”

தவில்காரர் சிரிப்பை மறைக்கத் தவிலைத் தடவினார். கயல்விழி கையடக்க மெஷினில் தட்டினாள். அது ஒரு துண்டு ரசீதைத் துப்பியது. பொது ரோட்டில் ஆபத்தாக வண்டியை இயக்கியதற்கு அபராதம்.

“இப்பவே கட்டணும்னு இல்ல. இதை வாங்கிட்டு விசேசத்துக்குக் கிளம்புங்க. நேரமாகுது உங்களுக்கு.”

கையை நீட்டியிருந்தால் முடிந்தது. ராம்கி நீட்டவில்லை. அரசப்பன் மகள் கொடுத்து வீரையன் மகன் வாங்குவதா? அவன் தலைக்குள் ஓடியது அது ஒன்றுதான். தங்கை முகமோ, பிள்ளையின் காதோ அங்கே ஒரு மூலையில்கூட இல்லை. கட்சிச் செயலாளர் ஒருவர் அவனுக்குப் பழக்கம். அவர் ஒரு வார்த்தை பேசினால் இவளே ரசீதைக் கிழித்துப் போடுவாள் என்று போன் போட்டான். அவர் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டான். எழவு வீட்டில் இருப்பதாக அவர் கூட இருந்தவர் சொன்னார்.

“அண்ணே, நேரம் போவுது. வாங்கிட்டு வாங்க” என்றான் இராஜாங்கம்.

“நீ உன் வண்டியைப் பாருடா. தட்டெல்லாம் கொண்டுபோய் எறக்கு. இவங்களை ஒரு வழி பண்ணிட்டுத்தான் நான் வருவேன்.”

தோடு வைத்த வெற்றிலைத் தட்டு, வேட்டி, பழம், மேளம் எல்லாம் போயின. ராம்கி காரில் சாய்ந்து நின்றான். வானதி போன் செய்தாள்.

“அண்ணே, எங்கண்ணே இருக்க? ஆசாரி வந்து உக்காந்தாச்சு.”

“ஒரு பத்து நிமிசம். செயலாளர் பேசப் போறாரு.”

“அவரா வந்து மடி குடுக்கப் போறாரு? இராஜாங்கம் எல்லாம் சொன்னான். அந்தச் சீட்டை வாங்கிட்டு வாண்ணே. உன் கால்ல விழறேன்.”

பின்னாலிருந்து ரெங்கம்மாளின் குரல் கேட்டது. “சிங்கப்பூர்லேர்ந்து வந்த ஆளுக்கு முக்கூட்டு ரோட்லேர்ந்து வர முடியலையாக்கும்.”

“உன் மாமியாருக்கு வந்து பதில் சொல்றேன். என் மரியாதை என்ன ஆவுறது வானதி? வையி.”

அவளும் வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது. சீர் போய்ச் சேர்ந்ததற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஊசி ஏறும்போது பிள்ளையின் அழுகை வெளியே கேட்காமலிருக்க அப்படிக் கொட்டுவார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இவனுக்கு அது உறைத்தது மேளம் நின்ற பிறகுதான்.

அப்போது செயலாளர் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு டயர் சமாச்சாரத்துக்கா எழவு வீட்ல இத்தனை போன் போட்ட? கட்டிட்டுப் போ.”

ராம்கி கையை நீட்டினான். கயல்விழி ரசீதைக் கொடுத்தாள். “பிள்ளைய நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்றாள்.

மண்டபத்தில் மணைமேல் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தான். கைலியோடு வந்தவனுக்கு, மாப்பிள்ளைக்கென்று ராம்கி வாங்கிய பட்டுக்கரை வேட்டியையே கட்டிவிட்டிருந்தார்கள். மடியில் பூர்ணிமா, இரண்டு காதிலும் தோடு, கன்னமெல்லாம் கண்ணீரும் சர்க்கரையும். அவள் இராஜாங்கத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

“எறங்கச் சொன்னா மாட்டேங்குது அண்ணே” என்றான் இராஜாங்கம் பயந்துகொண்டே.

“அது என் தப்பு இல்ல” என்று ராம்கி தங்கையிடம் ஆரம்பித்தான். “ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா...”

“மூணு வருசம் பொறுத்தேண்ணே” என்றாள் வானதி. அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. “எம்பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லைன்னு இனி யாரும் சொல்ல முடியாது. இராஜாங்கம் இருக்கான். அவ கல்யாணத்துக்கும் அவன்தான் முன்னாடி நிப்பான். நீ போய்ச் சாப்பிடு, பந்தி போட்டுட்டாங்க.”

ரெங்கம்மாள் அங்கேதான் நின்றாள். அவளே போய் இராஜாங்கத்துக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேறொருவனாக இருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பான். ராம்கி போய் உட்கார்ந்தான். பக்கத்து இலைக்காரரிடம், போலீஸ்காரி தன்னைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனதாகவும், தானே பெரிய மனது பண்ணி ரசீதை வாங்கிக்கொண்டதாகவும் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, “காது குத்துன பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்?” என்றார்.

ராம்கி பாயசக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டான்.