தயாபரன் அண்ணையின் ஊர் மாறிய அணி

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது குமரனின் அழைப்பு வந்தது. "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றான். இங்கே இலண்டன் வெம்பிளியில் தயாபரன் அண்ணையைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய பேஸ்போல் பைத்தியமும் தெரியும். கிரிக்கெட் பேச வந்தவர்களையும் அதற்குள் இழுத்துவிடுவார். நானும் அப்படி அகப்பட்டவன்தான்.

இலண்டனுக்கு வருமுன் அவர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரத்தில் எஞ்சினியராக இருந்தார். மகன் குமரன் பிறந்தது அங்கேதான். அவர் மனைவி சாந்தியக்கா வடையும் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு அந்த ஊர் பேஸ்போல் மைதானத்துக்கு வருவாராம். அக்கா காலமான பின்னர் தகப்பனுக்கும் மகனுக்கும் மிஞ்சிய ஒரே பேச்சு அந்த ஊர் அணிதான். ஞாயிறு பின்னேரம் கோயிலிலிருந்து வந்ததும் அண்ணை டிவியைப் போடுவார். குரோய்டனில் தன் வீட்டில் குமரன் போடுவான். இருவரும் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை துண்டிக்க மாட்டார்கள்.

பிறகு அணியின் முதலாளி அதை வேறு நகரத்துக்குக் கொண்டுபோனார். இங்கே காற்பந்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அமெரிக்க பேஸ்போலில் அந்தப் பயம் கிடையாது. தோற்றாலும் டிவிப் பணத்தில் பங்கு வரும். அணிகளின் தொகை மாறாது என்பதால், அணி இல்லாத நகரங்கள் ஏங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே, வரிப்பணத்தில் புது மைதானம் கட்டித் தா, இல்லாவிட்டால் போகிறேன் என்று முதலாளி ஒரு நகரத்தின் கழுத்தையே பிடிக்கலாம். அந்த நகரம் மறுத்தது. அவர் போய்விட்டார்.

"அண்ணை, அது ஒரு கொம்பனிதானே" என்று சமாதானம் சொன்னேன்.

"கொம்பனி எண்டு எனக்குத் தெரியும். அந்தக் கொம்பனிக்குத்தான் நான் ஆர் எண்டு தெரியாது" என்றார். இன்னொரு நாள், "நாங்கள் ஊரை விட்டு ஓடினது உயிருக்குப் பயந்து. இவருக்கு ஆர் குண்டு போட்டது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

குமரன் மனத்தால் அணியோடு போனான். அதே ஆட்டக்காரர்கள்தானே என்பது அவன் கட்சி. அப்பாவின் பிறந்தநாளுக்குப் புது நகரத்தின் பெயர் போட்ட தொப்பி ஒன்றை ஆசையாக வாங்கி வந்தான். அண்ணை அதைத் தொடவில்லை. "நீயும் அவன்ர ஆளோ?" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளையின் முகம் செத்துப்போனது. அதோடு ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றது.

அதன் பிறகும் ஞாயிறுகளில் நான் போவேன். டிவி போடமாட்டார். ஆனால் ஆட்டம் நடக்கும் நேரத்தில் வேறு யாராவது அழைத்தால், "பிறகு எடுக்கிறன்" என்று உடனே வைத்துவிடுவார்.

"நீங்களே அவனுக்கு எடுங்கோவன், அண்ணை."

"அவன் மேட்ச் பாத்துக்கொண்டிருப்பான். குழப்பக்கூடாது."

இதைச் செத்தவீட்டில் குமரனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்னும் தெரியவில்லை. "நானும் எடுப்பம் எடுப்பம் எண்டுதான் இருந்தனான், அங்கிள். ஏசுவார் எண்டு பயம்" என்று அழுதான்.

அண்ணையின் கோபம் நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அந்த முதலாளியின் வாசல்வரைகூடப் போகவில்லை. பெற்ற பிள்ளையின் தலையில் விழுந்தது. அந்தக் கோபத்தைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதை யார் மேல் காட்டுவது என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.